ஆட்டின் பழுப்புக் காது

கம்பளம் பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். முன்பக்கத்தை யாரும் அழகாகச் செய்துவிடலாம். பின்னால் நாடாக்கள் ஒன்றையொன்று தாண்டிப் போகாமல், முடிச்சு விழாமல், வரிசையாக இருந்தால்தான் செய்தவருக்குக் கை இருக்கிறது என்று சொல்வோம். எங்கள் கம்பள முகாமில் அது ஒரு மரியாதை. தொங்கவிட்டிருக்கும் கம்பளத்தின் கீழ்மூலையை மெதுவாகத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். தூக்கிப் பார்க்காமல் போனால் செய்தவருக்கு மனம் நோகும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

நடந்ததை என் சொந்தச் சொற்களில் சொல்லும்படி கேட்டீர்கள். நீங்கள் கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளர் மதுரைப் பிள்ளை. நல்ல பிள்ளை, எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தார். ஆனால் ஆம் என்பதற்கு நான் ‘ஓம்’ என்று சொல்லும்போதெல்லாம், இவர் இப்போது தேவாரம் பாடப் போகிறாரோ என்பதுபோல என்னைப் பார்க்கிறார். அதனால் எழுதியே தருகிறேன். என் கையெழுத்து தெளிவானது. என் வழக்கறிஞர் எதையும் எழுத வேண்டாம் என்கிறார். அவர் சின்னப் பெடியன், என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். சட்டம் தெரிந்திருக்கும், தையல் தெரியாது.

என் பெயர் அருள்நாயகி. லூயிஷாமில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள உடுப்புத் திருத்தும் கடையில் தைக்கிறேன். காற்சட்டையைக் கட்டையாக்குவது, சிப் மாற்றுவது, கலியாணச் சட்டையை இடுப்பில் பிடிப்பது, இவைதான் என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கு வந்தோம். என் கணவர் குகநாதன் லண்டன் குளிர் ஒத்துவரவில்லை என்று சொல்லி ஜெர்மனிக்கே திரும்பிப் போனார். ஜெர்மனியில் குளிர் குறைவு என்று வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. மகள் ஜதுர்ஷிகாவை நான் தனியாகத்தான் வளர்த்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் போட்ட உடுப்புகளில் கடையில் வாங்கியது சொக்ஸ் மட்டும்தான், மற்றதெல்லாம் என் கையால் தைத்தது.

அவள் வீட்டை விட்டுப் போன பிறகுதான் கம்பளம் செய்யப் பழகினேன். எங்கள் தெரு நூலகத்தில் பமெலா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை அதைச் சொல்லிக்கொடுத்தார். சாக்குத்துணியை மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். பழைய கம்பளி உடுப்புகளை ஒடுங்கிய நாடாக்களாக வெட்ட வேண்டும். நாடாவைச் சாக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மேலிருந்து கொக்கியை விட்டு, கண்ணி கண்ணியாக மேலே இழுக்க வேண்டும். புதுத்துணி இதற்குச் சரிவராது. யாராவது போட்டுத் தேய்ந்த துணிதான் கண்ணியில் பணிந்து நிற்கும்.

எங்கள் வீட்டு அலுமாரியில் ஜதுவின் உடுப்பு நிறைய இருந்தது. அவள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பள்ளிக்கூடச் சுவெட்டரில் தொடங்கினேன். பிறகு பாவாடைகள், டிசம்பரில் வருகிற நத்தார் நாடகத்துக்கு நான் தைத்துக்கொடுத்த சிவப்பு மேலங்கி, குளிர்காலத் தொப்பிகள். எல்லாவற்றையும் வெட்டினேன். முதல் தடவை முகாமுக்கு நான் கொண்டுபோன நீலக் கம்பளத்தைப் பார்த்து எல்லோரும் கிட்ட வந்து கூடினார்கள். யாருடைய உடுப்பு என்று கேட்டார்கள். என் மகளுடையது என்றேன். பமெலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, என்னைக் கட்டிப்பிடித்தார். மகள் செத்துப்போனாள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அதன்பிறகு யன்னலோரக் கதிரை எனக்கென்று ஆகிவிட்டது. கேக் வெட்டினால் முதல் துண்டு எனக்குத்தான் வரும். இழப்பு எப்படி வந்தாலும் இழப்புத்தானே, அவர்கள் பாசத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அலுமாரி காலியான பிறகு ஒன்றே ஒன்றுதான் என் கைக்கு வராமல் இருந்தது. அவள் போட்டுக்கொண்டு போன கோட். சாம்பல் கலந்த வெள்ளைக் கம்பளி, மீன்முள்போல ஓடும் நெசவு. உள்மடிப்பில் கடுகு மஞ்சள் நூலால் ஓர் ஓட்டம் போட்டிருந்தேன். வெளியே தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். அதன் வலது கையில் ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி பட்டுப் பழுப்பாகிவிட்டது. அதைத் தவிர, நான் தைத்தவற்றில் அதுதான் நல்லது.

இந்த வருட முகாம் ஸ்ட்ரெதத்தில் நடந்தது. முகாம் என்றால் எங்கள் ஆட்களுக்கு முள்கம்பியும் சாப்பாட்டு வரிசையும்தான் கண்ணில் வரும். இது அப்படி இல்லை. ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மண்டபம், படுக்க ஒரு சின்ன விடுதி, நாள் முழுக்கத் தேநீர். வந்த அன்று காலை எல்லோரும் தங்கள் கம்பளங்களைத் தொங்கவிடுவார்கள். சுற்றிப் பார்த்து முடிந்ததும் கழற்றி, ஓரம் தைத்து, அழுத்தி, கடைசி நாள் திரும்பத் தொங்கவிடுவோம். அன்றைக்கு வீட்டு ஆட்களும் வெளியாட்களும் பார்க்க வருவார்கள். அழுத்துகிற வேலை என்னுடையது. கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு, ஈரத்துணி விரித்து, பாரமான இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. கடையில் இருக்கிற பழைய பெட்டியை அதற்காகவே கொண்டுபோவேன். சூடான சாமான் என்பதால் அந்த அறைப் பூட்டின் திறப்பு என்னிடம் மட்டும்தான் இருக்கும், கழுத்தில் நாடாவில் போட்டுக்கொள்வேன்.

கிளறிற்றா இந்த வருடம்தான் புதிதாக வந்தார். மன்னார் ஆள், ஈஸ்ட் ஹாமில் இருந்தார், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கணவர் இறந்து கனகாலம். உருண்டையான, சிரித்த முகமான மனுசி. வந்தவுடனேயே என்னைக் கண்டுபிடித்து, கையில் மீன் கட்லட் பெட்டியைத் தந்து, “அக்கா, இந்தக் கேக்கையே திண்டுகொண்டு மூண்டு நாள் இருக்க ஏலாது” என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதை நீங்கள் நம்ப வேண்டும். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

அந்த முதல் காலை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கம்பளங்களைப் பார்த்தோம். பமெலா தேம்ஸ் ஆற்றில் தண்ணீர் வற்றும் நேரத்துச் சேற்றைச் செய்திருந்தார். சேற்றுக்கு இத்தனை நிறமா என்று நின்று பார்த்தோம். கஸ்பர் என்ற பஸ் சாரதி, தன் பழைய சீருடையையே வெட்டி மழையில் நிற்கிற பஸ் ஒன்றைச் செய்திருந்தார். அதன் பின்பக்கம் கணக்குக் கொப்பிபோல் நேராக இருந்தது. ஆண்களில் அப்படிக் கை அபூர்வம் என்று அவரிடமே சொன்னேன், மனுசன் காதுவரை சிவந்துபோனார்.

பிறகு கிளறிற்றாவின் கம்பளம். ஒரு ஆடு, வேலியில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. சுற்றிவரப் புல். ஜது சின்னவளாக இருக்கும்போது டெட்ஃபோர்ட் பக்கம் ஒரு நகரப் பண்ணைக்கு அவளைக் கூட்டிப்போவேன். அங்கே ஒரு ஆடு இப்படித்தான் வேலியில் ஏறி நின்று அவளுடைய கையுறையைத் தின்றது. அவள் அழுவாள் என்று பார்த்தேன், மற்றக் கையுறையையும் கழற்றி நீட்டினாள். அந்த நினைவு வந்து, சிரித்துக்கொண்டேதான் கம்பளத்துக்குக் கிட்டப் போனேன்.

ஆட்டின் காதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமை வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். காதின் நுனி கடும் பழுப்பு, உள்ளே வரவரத் தேன் நிறம், பிறகு சுட்ட பாண் ரொட்டி ஓரத்தின் நிறம், பிறகு மெல்ல மெல்ல வெள்ளை. தேயிலைச் சாயத்திலும் வெங்காயத் தோலிலும் துணியை அவித்து அந்தப் பழுப்பைக் கொண்டுவர நான் எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். வந்ததில்லை. எந்தச் சாயம் என்று கேட்க வாய் எடுத்தேன். ஆனால் மரியாதைப்படி முதலில் மூலையைத் தூக்கிப் பார்த்தேன்.

புல்லும் வேலியும் அழகான வரிசை. ஆடு மட்டும் கோணல்மாணல். கண்ணிகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நாடாக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. “உமக்கு ஆடு மட்டும் கைக்கு அடங்கேல்லைப் போல” என்று பகிடியாகச் சொன்னேன். அது பிடிவாதம் பிடிச்ச ஆடு அக்கா என்று கிளறிற்றா சிரித்தார். அப்போதுதான் நெசவைக் கண்டேன். மீன்முள். காதுக்குப் பக்கத்தில் ஒரு நாடாவின் விளிம்பில் கடுகு மஞ்சள் நூல் பிசிறாக நீட்டிக்கொண்டு நின்றது.

மூலையை விட்டுவிட்டு, நல்ல வேலை என்று சொன்னேன். அன்றும் மறுநாளும் நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சேர்ந்து சாப்பிட்டோம், சேர்ந்து ஓரம் தைத்தோம். பழைய உடுப்புக் கடையில் வாங்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் குளிரில் அந்தக் கோட்டை விற்கிற அளவுக்கு வந்துவிட்டாளோ என்று ஒரு தாய்க்கு வருகிற கவலை எல்லாம் வந்தது. இந்தச் செய்கைக்கு நான் திட்டம் போட்டேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. திட்டம் போட்டிருந்தால் குளிர்ந்த தண்ணீர் எடுத்து வைத்திருப்பேன்.

இரண்டாம் நாள் பின்னேரம், மற்றவர்கள் மண்டபத்தில் தேநீருக்குக் கூடிய நேரம், கிளறிற்றா கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு அழுத்தும் அறைக்கு வந்தார். நான் அதைக் கவிழ்த்துப் போட்டு ஈரத்துணி விரித்தேன். பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கேட்டேன், அந்தக் காதுக்கு என்ன சாயம் போட்டீர் என்று.

“சாயம் இல்லை அக்கா. அது எரிஞ்ச துணி,” என்றார். “பிள்ளை அதைத்தான் முதல் வெட்டினவள்.”

எந்தப் பிள்ளை என்று கேட்டேன். தன் வீட்டு மேல் அறையில் ஒரு பிள்ளை இருக்கிறாள், வாடகைக்கு வந்தவள், இப்போது மகள் மாதிரி என்றார். ஆடு முழுக்க அவளுடைய வேலை, புல்லும் வேலியும்தான் தன்னுடையது. அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காது. கொக்கி பிடிக்கப் பழக்கினால் விரலுக்கு நல்லது என்று தானே உட்கார்த்திப் பழக்கியதாம். முதலில் ஒரு கண்ணி இழுக்கவே அழுவாளாம். தாய்க்காரி அயன் பெட்டியால் சுட்டவள் என்று, சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னார்.

சிலவேளை தவறிப் பட்டிருக்கும் என்று நான் சொன்னேன்.

“தவறிப் பட்டா பெட்டியின்ர முழு வடிவமும் கையில விழாது, அக்கா.”

இந்த இடத்தில் நான் அதை விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்களும் கிளறிற்றாவைப் போலவே நினைப்பீர்கள். ஜது என்னோடு இருந்த காலத்தில் ஒருநாள் பின்னேரம் நான் வீட்டில் சட்டைகள் அழுத்திக்கொண்டு நின்றேன். ஜது கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, லீட்ஸில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, போகப் போகிறேன் என்றாள். லண்டனில் பல்கலைக்கழகம் இல்லையா என்று கேட்டேன். தன் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன், அன்று மேசையில் என் பக்கத்திலேயே இருந்தது. அவள் கையை நீட்டி அதன்மேல் வைத்தாள். கையை எடு என்றேன். எடுக்கவில்லை. பெட்டியை வைத்தேன். ஒரு சட்டைக் கொலருக்கு வைக்கிற நேரம்தான். அவள் பிறகு கையை எடுக்கப் பார்த்தது உண்மை. நான் மற்றக் கையால் முழங்கைக்குக் கீழே பிடித்திருந்தேன். சொன்னவுடன் எடுத்திருந்தால் ஒன்றும் நடந்திராது. கோட்டின் கையும் அப்போதுதான் பழுதாகிப்போனது.

நானே மருந்து பூசிக் கட்டினேன். ஆஸ்பத்திரியில் தேவையில்லாத கேள்வி கேட்பார்கள் என்பதால் போக வேண்டாம் என்று சொன்னேன். அதனால்தான் விரல்கள் அப்படி ஆகியிருக்க வேண்டும், சூட்டினால் அல்ல. நான் வேலைக்குப் போகும்போது வெளிக்கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனேன், அவளுடைய பாதுகாப்புக்காக. ஒருநாள் வந்து பார்த்தால் குளியலறை யன்னல் திறந்து கிடந்தது. எங்கள் வீடு இரண்டாவது மாடியில். அந்தக் கையோடு குழாயைப் பிடித்து எப்படி இறங்கினாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கிளறிற்றா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நாளைக்குப் பிள்ளை ஆட்டைப் பார்க்க வருகிறாள், கேக் செய்து கொண்டுவருகிறாள், உங்களுக்கு அறிமுகப்படுத்தி வைக்கிறேன் என்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தில்தான் வாய் விட்டுவிட்டேன்.

“அந்தக் கோட்டை நான்தான் தைச்சனான்,” என்றேன்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். இரண்டு நாள் என்னோடு சாப்பிட்ட மனுசி, என்னை ஒரு விசநாயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கு அது வலித்தது.

எனக்கு அவளை ஒருக்கா பார்த்தால் காணும், வேறொன்றும் வேண்டாம் என்று கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

“அதை அவள் சொல்லவேணும். நீங்களும் நானும் சொல்ல ஏலாது,” என்றார். “நான் அவளை நாளைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லப்போறன்.” போனை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார்.

நீங்கள் பிள்ளை பெற்றவரா என்று எனக்குத் தெரியாது. பிள்ளை நாளைக்கு வருகிறாள். அவள் வருகிறாள் என்று தெரிந்த ஒரு நிமிடத்துக்குள் யாரோ ஒருத்தி அதை இல்லாமல் செய்கிறாள். அவர் எனக்கு முதுகைக் காட்டாமல் பேசியிருந்தால் நான் வாயால் பேசித் தீர்த்திருப்பேன். நான் பெட்டியைத் தூக்கி அவருடைய தலையின் பின்பக்கத்தில் அடித்தேன்.

முதல் அடியில் அவர் விழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு திரும்பி, கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தார். அந்தக் கையிலும் பட்டது, எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. பிறகு நெற்றிப் பக்கம் அடித்தேன். அவர் கம்பளத்தின்மேல் குப்புறச் சரிந்தார். பெட்டி சூடாக இருந்ததால் ஒரு மணம் வந்தது. அந்த மணம் எனக்குப் பழக்கமானது, அதனால் நான் பதறவில்லை. அவர் “ஜது” என்று ஒரு தடவை சொன்னார். நாங்கள் வீட்டில் கூப்பிடுகிற பெயர் அது. அதை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகுதான் நான் நிறுத்தாமல் அடித்தேன். மண்டபத்தில் தேநீர்க் கொதிகலன் இரைந்துகொண்டிருந்தது. போனில் அழைப்பு போகவில்லை, அந்த அறையில் எப்போதுமே சிக்னல் இருப்பதில்லை.

அவரை மேசையிலிருந்து இறக்கி, சட்டங்கள் அடுக்கும் பெரிய அலுமாரிக்குள் இருத்தி, சாக்குத்துணியால் மூடினேன். தரையைத் துடைத்தேன். ஈரக் கம்பளத்தைப் பாதியில் விட முடியாது, சுருங்கிப்போகும். அதனால் திரும்ப அழுத்தத் தொடங்கினேன். இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் வைக்க வேண்டும். சூடு பட்டால் கறை துணியோடு இறுகிவிடும், பிறகு எதற்கும் போகாது. தையல் பழகப் போன முதல் கிழமையே சொல்லித்தருகிற விசயம் இது. எனக்குத் தெரியும். ஆனால் கண்ணிகள் படிய வேண்டும், நாளைக்கு அவள் பார்க்கும்போது ஆடு நன்றாக இருக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில், ஈரத்துணிக்குக் கீழே கறை இருக்கும்போதே பெட்டியை வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது பின்பக்கம், ஆட்டின் வயிறு இருக்கும் இடத்தில், அகலமாகப் பழுப்பு ஏறி இறுகியிருந்தது. முன்பக்கத்தில் ஒரு சொட்டும் தெரியவில்லை.

அறையைப் பூட்டிவிட்டு மண்டபத்துக்குப் போனேன். கிளறிற்றாவுக்குத் தலையிடி, ஈஸ்ட் ஹாமுக்கே போய்விட்டார் என்று சொன்னேன். பமெலா, பாவம், நாளைக்குக் காலை வந்தால் நல்லது என்றார். வீட்டில் இருக்கிற ஜதுவோ, அன்ரி முகாமில் படுக்கிறா என்று நினைத்திருப்பாள். கிளறிற்றாவின் போனை நான் எடுத்து வைத்திருந்தேன். அது பூட்டியிருந்தது, ஆனால் வந்த செய்தி மேலே தெரிந்தது. ஆடு நேராக நிற்கிறதா என்று கேட்டு, ஒரு ஆட்டுப் படமும் போட்டிருந்தாள். அவளுடைய சொல்லை நான் எத்தனையோ காலத்துக்குப் பிறகு பார்த்தேன். அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

காலையில் நானே முதல் ஆளாக மண்டபத்துக்குப் போய், ஆட்டை நல்ல வெளிச்சம் விழும் சுவரில் தொங்கவிட்டேன். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் அந்தக் காதைப் பற்றித்தான் பேசினார்கள். எல்லோரும் மூலையைத் தூக்கவும் வந்தார்கள். அழுத்தின ஈரம் இன்னும் காயவில்லை, தொட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். என் சொல்லை அங்கே யாரும் தட்ட மாட்டார்கள்.

ஜது வந்தபோது நான் அவளை உடனே அடையாளம் காணவில்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். கையில் கேக் பெட்டி. யாரையும் பார்க்காமல் நேரே ஆட்டிடம் போனாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பை நான் வளர்த்த காலத்தில் பார்த்ததாக ஞாபகம் இல்லை. எழும்பிப் போய்க் கூப்பிட நினைத்தேன். அதற்குள் அவள் குனிந்து, கிளறிற்றா சொல்லிக்கொடுத்த மரியாதைப்படி, கீழ்மூலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அவள் கனநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மடங்காத விரலால் அந்தப் பழுப்பைத் தொட்டாள். என்ன பழுப்பு இது என்று, யாரிடமும் இல்லாமல், ஆங்கிலத்தில் கேட்டாள்.

“சூடு பட்டுட்டுது, பிள்ளை,” என்று நான் சொன்னேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. குரலைக் கேட்டதுமே வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கேக் பெட்டி விழுந்தது. அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“கிளறிற்றா அன்ரி எங்க?”

உள்ளே என்று சொன்னேன். என் பிள்ளைக்கு நான் பொய் சொன்னதில்லை. அவள் திரும்பி, அழுத்தும் அறையின் பூட்டிய கதவைப் பார்த்தாள், என் கழுத்தில் தொங்கிய திறப்பைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். அவள் ஓர் அடி பின்னால் போய், இன்னோர் அடி போய், பமெலாவிடம் மெதுவான குரலில், இது என் தாய், பொலிசைக் கூப்பிடுங்கள், இந்த மனுசியை வெளியே விடாதீர்கள் என்றாள். கத்தவில்லை, அழவில்லை. நாலு பேருக்கு முன்னால் சத்தம் போடக் கூடாது என்று நான் பழக்கியது அவளிடம் இன்னும் இருக்கிறது. பமெலா என்னைப் பார்த்து, உன் மகள் செத்துவிட்டாளே என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். திறப்பை நான்தான் கழற்றிக் கொடுத்தேன். கிளறிற்றாவை நான்தான் கொன்றேன். வேறு யாருக்கும் அதில் பங்கில்லை, எனக்குப் புத்தி தடுமாறவும் இல்லை, வழக்கறிஞர் அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த மனுசி நல்லவர். என் பிள்ளைக்குச் சோறு போட்டிருக்கிறார், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தக் கம்பளத்தைச் சான்றாக எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். வேலை முடிந்ததும் அதை என்னிடமே தர வேண்டும். துணி நான் தைத்தது, கை நான் வளர்த்தது. மடித்து வைக்காதீர்கள், சுருட்டி வையுங்கள்.

ஜதுவைக் கண்டால் ஒன்று சொல்லிவிடுங்கள். அவளுக்கு நிறம் பார்க்கிற கண் இருக்கிறது, அது என்னிடமிருந்து வந்தது. ஆனால் ஆட்டின் பின்னங்கால் பக்கம் கண்ணிகள் தளர்ந்து கிடக்கின்றன. கிளறிற்றா சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, கொக்கியை அவள் பிடிக்கிற முறையே பிழை. இப்போது யாரும் இடையில் இல்லை. அவள் ஒருநாள் இங்கே என்னைப் பார்க்க வரட்டும், நானே அவளுடைய கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.